நீதிமன்றக் கதவைச் சாத்தும் உரிமை

2017ஆம் ஆண்டின் தொடக்கம். கலிஃபோர்னியாவில், மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்த ஒருவரை எல்லைக் காவலர் பிடித்தார். எல்லைக் கோட்டிலிருந்து அவர் வந்திருந்த தூரம் 25 கெஜத்துக்குள். அறுபதடி மனை ஒன்றின் நீளத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கையில் முறையான ஆவணம் எதுவும் இல்லை. அவர் இலங்கைத் தமிழர். ஊருக்குத் திரும்பிப் போக அச்சமாக இருக்கிறது என்று சொன்னார்.

இப்படிச் சொல்பவரைப் புகலிட அதிகாரி ஒருவர் விசாரிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். விசாரணை நடந்தது. ஒருமுறை சிலர் தன்னைக் கடத்திக்கொண்டு போய்க் கடுமையாக அடித்ததாக அவர் கூறினார். அடித்தது யார், எதற்காக என்று கேட்டபோது தெரியாது என்றார். அடிபட்டது உண்மைதான் என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆனால் இனம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று முடிவு செய்தார். மேலதிகாரி அதை ஒப்புக்கொண்டார். குடிவரவு நீதிபதி ஒருவரும் அதையே உறுதி செய்தார். ‘நீதிபதி’ என்பது பதவியின் பெயர்தான். குடிவரவு நீதிபதிகள் அரசின் நிர்வாகத் துறை ஊழியர்கள்.

கடத்தியவர் யாரென்று சொல்லத் தெரியாத நிலை இலங்கைத் தமிழருக்குப் புதிதல்ல. வெள்ளை வேனில் வந்தவர்கள் யார் என்று இன்றுவரை அறியாத குடும்பங்கள் அங்கே எத்தனையோ உண்டு. இலங்கையின் இந்த நிலவரத்தை அதிகாரி கணக்கில் கொள்ளவில்லை, மொழிபெயர்ப்பிலும் குழப்பம் நேர்ந்தது என்று சொல்லி, அந்தத் தமிழர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்.

மனுவை விசாரிக்கவே நீதிமன்றத்துக்கு இடமில்லை என்றது அரசு. 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, இத்தகைய வழக்கில் நீதிபதி மூன்றே மூன்று கேள்விகளைத்தான் பார்க்கலாம். மனுதாரர் வெளிநாட்டவர்தானா? அவரை உடனடியாக வெளியேற்ற உத்தரவு போடப்பட்டதா? ஏற்கெனவே நிரந்தர வசிப்புரிமையோ அகதி, புகலிட அந்தஸ்தோ பெற்றவரா? அதிகாரி சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, விசாரணை முறையாக நடந்ததா என்பவை அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு நாட்டின் சட்டமன்றம் தன் நாட்டு நீதிபதிகளைப் பார்த்து, ‘இந்த வழக்கைத் தொடாதே’ என்று சொல்ல முடியுமா? அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. மக்களாட்சியில் கடைசிச் சொல் யாருடையது என்ற பெரிய விவாதத்தின் நடுவில் இருப்பதும் இதுதான்.

சிக்கலின் வேர் 1787இல் பிலடெல்பியாவில் இருக்கிறது. அரசியல் சாசனம் எழுதக் கூடியவர்களில் ஒரு சாரார் மைய அரசுக்குக் கீழமை நீதிமன்றங்கள் கட்டாயம் வேண்டும் என்றார்கள். மாநில நீதிமன்றங்களே போதும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் ஒரு சமரசம்: உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும், கீழமை நீதிமன்றங்கள் வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை நாடாளுமன்றமான காங்கிரஸ் தீர்மானித்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்துக்கும் காங்கிரஸ் விதிவிலக்குகளையும் ஒழுங்குமுறைகளையும் வகுக்கலாம். 1789ஆம் ஆண்டுச் சட்டம் 13 மாவட்ட நீதிமன்றங்களையும் ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றத்தையும் நிறுவியது. சாசனத்தையோ மத்தியச் சட்டத்தையோ அடிப்படையாகக் கொண்ட எந்த வழக்கையும் நேராகக் கீழமைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் பொதுவான உரிமை, 1801–02இல் சிறிது காலம் இருந்ததைத் தவிர, 1875 வரை மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஆக, அதிகார வரம்பு என்பது நீதிமன்றங்களின் பிறவிச் சொத்து அல்ல. பெரும்பகுதி, காங்கிரஸ் அளந்து கொடுத்தது.

அளந்து கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி முதன்முதலாகக் கூர்மையாக எழுந்தது 1868இல்.

உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள். தோற்ற தென்மாநிலங்களில் பத்தை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்திருந்தது காங்கிரஸ். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தராமல் அந்த மாநிலங்கள் மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் வர முடியாது என்றும் விதித்திருந்தது. மிசிசிப்பியில் விக்ஸ்பர்க் நகரில் பத்திரிகை நடத்திய வில்லியம் மெக்கார்டில் இந்த ஏற்பாட்டை ஆவேசமாகத் தாக்கித் தலையங்கங்கள் எழுதினார். 1867 நவம்பரில் ராணுவம் அவரைக் கைது செய்தது. குடிமகனான தன்னை ராணுவ ஆணையம் விசாரிக்க முடியாது என்று அவர் ஆட்கொணர்வு மனுப் போட்டார், தோற்றார், அதே ஆண்டு பிப்ரவரியில் காங்கிரஸ் இயற்றியிருந்த சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார். தென்னாட்டில் விடுதலை பெற்றவர்களைக் காக்க வந்த சட்டம், அவர்களுடைய எதிரியின் கையில் ஆயுதமாக மாறியது.

1868 மார்ச்சில் வாதங்கள் முடிந்தன. மெக்கார்டில் வழக்கைச் சாக்காக வைத்து நீதிபதிகள் தென்மாநில ராணுவ நிர்வாகத்தையே செல்லாததாக்கிவிடுவார்கள் என்று காங்கிரஸ் அஞ்சியது. வரி தொடர்பான மேல்முறையீடுகளைப் பற்றிய சாதாரண மசோதா ஒன்றில் ஒரு பிரிவைச் சத்தமில்லாமல் சேர்த்தார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குத் தந்த மேல்முறையீட்டு அதிகாரம் ரத்து. ஏற்கெனவே வந்துவிட்ட மேல்முறையீடுகளுக்கும் இது பொருந்தும். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மார்ச் 25 அன்று வீட்டோ செய்தார். இரண்டே நாளில், மார்ச் 27 அன்று, காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்கும் விசாரணைக்குச் செனட்டில் தலைமை தாங்கியவர் தலைமை நீதிபதி சாமன் சேஸ். வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவரே.

தீர்ப்பு வர 1869 ஏப்ரல் ஆனது. ஒருமனதான தீர்ப்பு. சட்டமன்றத்தின் உள்நோக்கத்தை ஆராய்வது எங்கள் வேலை அல்ல; சாசனம் கொடுத்த விதிவிலக்கு அதிகாரத்தைக் காங்கிரஸ் பயன்படுத்தியிருக்கிறது; வரம்பு போன பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வழியில்லை என்றார் சேஸ். ஆனால் முடிவில் ஒரு குறிப்பு வைத்தார். 1868ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது 1867இல் திறந்த வழியை மட்டுமே. அதற்கு முன்பே இருந்த வழி அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் யெர்கர் என்பவரின் வழக்கில், 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. மூன்றாண்டுகளுக்குள் கிளைன் வழக்கு வந்தது. வரம்பைப் பறிப்பது போல் பாவனை செய்து ஒரு வழக்கின் முடிவையே காங்கிரஸ் எழுதிவிட முடியாது என்று தீர்ப்பளித்தவரும் இதே சேஸ்தான்.

இந்த மூன்று தீர்ப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல், மெக்கார்டிலை மட்டும் பிய்த்தெடுத்துக் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காங்கிரஸ் எல்லாவற்றையும் பறிக்கலாம் என்பதற்கு அது சான்று அல்ல. ஒரு கதவை அடைத்தார்கள், இன்னொன்று திறந்திருந்தது என்பதே அந்த வழக்கின் வரலாறு.

சட்டக் கல்வி உலகில் இந்த விவாதத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி ஹார்ட். 1953இல் ‘ஹார்வர்டு லா ரிவ்யூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, பெயரில்லாத இருவர் பேசிக்கொள்ளும் வினா–விடை உரையாடல். காங்கிரஸின் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். மற்றவர் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார். அதில் இரண்டு கருத்துகள் நிலைத்துவிட்டன. முதலாவது, சாசன அமைப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள இன்றியமையாத பங்கை அழிக்கும் விதிவிலக்கு, விதிவிலக்கே ஆகாது. இரண்டாவது, கூட்டாட்சி நீதிமன்றங்கள் மூடப்பட்டால் மாநில நீதிமன்றங்கள் இருக்கின்றன. உரிமைகளுக்குக் கடைசிக் காவல் அவைதாம்.

ஹார்ட்டுடன் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றங்களைப் பற்றிய புகழ்பெற்ற பாடநூலை எழுதிய ஹெர்பர்ட் வெக்ஸ்லரே முதல் கருத்தை ஏற்கவில்லை. சாசனத்தில் விதிவிலக்கு என்று எழுதியிருக்கிறது, அதற்கு எல்லை எழுதவில்லை என்பது அவர் வாதம். யேல் பேராசிரியர் அகில் அமர் 1985இல் சாசன வாசகத்தைச் சொல் சொல்லாக எடைபோட்டார். சில வகை வழக்குகளைச் சொல்லுமிடத்தில் மட்டும் ‘எல்லா’ என்ற சொல் வருவதைச் சுட்டினார். மத்தியச் சட்டத்தின்கீழ் எழும் வழக்குகள் அவற்றில் சேர்ந்தவை. அவற்றை ஏதாவது ஒரு கூட்டாட்சி நீதிமன்றமாவது கேட்டே தீர வேண்டும். எந்த நீதிமன்றம் என்பதைத்தான் காங்கிரஸ் தேர்ந்தெடுக்கலாம் என்றார்.

ஹார்ட்டின் இரண்டாவது கருத்து கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மத்திய அரசின் காவலில் இருப்பவரை விடுவிக்க மாநில நீதிபதி ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்க முடியாது என்று 1872இலேயே டார்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே, குடிவரவுத் துறையின் காவலில் இருப்பவருக்குக் கூட்டாட்சிக் கதவு சாத்தப்பட்டால், மாநிலக் கதவும் சாத்தியே இருக்கும். தட்டுவதற்கு மூன்றாவது கதவு இல்லை.

வரம்பைக் குறைப்பது எப்போதுமே தீங்கு என்று முடிவு கட்டிவிட முடியாது. 1894இல் புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைநிறுத்தம் நாடெங்கும் ரயில்களை நிறுத்தியபோது, கூட்டாட்சி நீதிமன்றம் தடையாணை போட்டது. அதை மீறியதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார்; உச்ச நீதிமன்றம் 1895இல் அதைச் சரி என்றது. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், முதலாளி நீதிமன்றத்துக்குப் போனால் போதும், வேலைநிறுத்தம் உடைந்துவிடும் என்ற நிலை. பெரும்பாலும் சாட்சிகளைக் கூப்பிடாமலே, ஒரு தரப்பின் பிரமாணப் பத்திரத்தை வைத்தே ஆணைகள் வந்தன. சட்ட அறிஞர் ஃபீலிக்ஸ் ஃப்ராங்பர்ட்டரும் நேதன் கிரீனும் 1930இல் எழுதிய நூல் இந்த முறைகேட்டை ஆதாரங்களோடு அம்பலப்படுத்தியது. இரண்டே ஆண்டில், 1932 மார்ச்சில், நாரிஸ்–லகார்டியா சட்டம் வந்தது. தொழில் தகராறுகளில் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடமிருந்து மிகப் பெரும் அளவுக்கு அது எடுத்துக்கொண்டது. சட்டத்தை எழுத ஃப்ராங்பர்ட்டர் உதவினார். உச்ச நீதிமன்றம் 1938இல் அது செல்லும் என்றது.

அறிஞரின் ஆய்வு சட்டமாகி, லட்சக்கணக்கான தொழிலாளரின் கூடிப் போராடும் உரிமையைக் காப்பாற்றிய நிகழ்வு அது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அது நியாயம்தான்.

ஆனால் அதே ஆயுதம் வேறு கைகளுக்கும் போனது. 1957இல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் உரிமைகளை ஏர்ல் வாரன் தலைமையிலான நீதிமன்றம் பாதுகாத்தபோது, செனட்டர் வில்லியம் ஜென்னர் அத்தகைய வழக்குகளையே உச்ச நீதிமன்றத்திடமிருந்து பறிக்க மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு செனட் அதன் திருத்திய வடிவத்தைச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஒதுக்கிவைத்தது. பள்ளிகளில் இறைவணக்கம் தொடர்பான வழக்குகளைப் பறிக்க ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தத்தை 1979இல் செனட் ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் அது நின்றுபோனது. 1980களின் தொடக்கத்தில் கருக்கலைப்பு, இன ஒருங்கிணைப்புக்காக மாணவர்களைப் பேருந்தில் அனுப்புவது ஆகியவற்றைக் குறிவைத்தும் இதே போன்ற மசோதாக்கள் குவிந்தன. ரேகன் ஆட்சியின் நீதித்துறையில் அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த ஒருவர், இவற்றைச் சாசனம் அனுமதிக்கிறது என்று வாதிட்டுக் குறிப்புகள் எழுதினார். அவர்தான் 2005இல் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸ். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் அடிப்படைப் பணியைக் காங்கிரஸ் பறிக்க முடியாது என்று 1982இல் செனட்டுக்கு எழுதினார், அவருடைய தலைவரான அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃபிரெஞ்ச் ஸ்மித்.

இவற்றில் பெரும்பாலானவை ஏன் சட்டமாகவில்லை? சட்ட அறிஞர் டாரா லீ குரோவ் 2011இல் தந்த விளக்கம் எளிமையானது. இரு சபைகளும் அதிபரும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம். இன்று நீதிமன்றத்தால் தோற்றவர்கள் நாளை அதே நீதிமன்றத்தால் வெல்லக்கூடும். ஆகவே எந்தக் காலத்திலும் கதவைக் காக்க வலுவான ஒரு கூட்டம் காங்கிரஸுக்குள்ளேயே இருக்கிறது. சரியான கவனிப்பு இது. ஆனால், இன்னொரு கேள்வியை இது எழுப்புகிறது: காங்கிரஸில் தனக்காகப் பேச ஆளே இல்லாதவருடைய கதவு என்ன ஆகும்?

கியூபாவிலுள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாந்தனாமோ அதற்குப் பதில் சொன்னது. அங்கே அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களைத் தடுத்து 2005இல் ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கு அது பொருந்தாது என்று 2006 ஜூனில் ஹம்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், சில மாதங்களிலேயே நிலுவை வழக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. 1868இன் அதே வழிமுறை. இம்முறை நீதிமன்றம் பின்வாங்கவில்லை. 2008 ஜூன் 12 அன்று பூமதீன் வழக்கில், 5–4 பெரும்பான்மையில், நீதிபதி ஆந்தனி கென்னடி அந்தப் பிரிவு செல்லாது என்று எழுதினார். கிளர்ச்சியோ படையெடுப்போ இல்லாதபோது ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது சாசனம். அதற்கு ஈடான மாற்று வழி எதையும் காங்கிரஸ் தரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மாவட்ட நீதிபதி ஒருவர் அந்த வழக்கின் ஆவணங்களைப் பார்த்தார். ஏழாவது ஆண்டாக அடைபட்டிருந்த ஆறு பேரில் ஐவரைத் தடுத்துவைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டு, விடுவிக்க உத்தரவிட்டார். ஒரு நீதிபதி கோப்பைத் திறந்து பார்த்ததில் கிடைத்த விடுதலை அது.

எல்லையில் பிடிபட்ட அந்தத் தமிழரின் வழக்கு 2020இல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது பூமதீன் தீர்ப்பே அவருடைய பெரிய நம்பிக்கை. 2019இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் 7–2 என அவர் தோற்றார். நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சாசனம் எழுதப்பட்ட காலத்து ஆட்கொணர்வு மனு, அடைத்துவைக்கப்பட்டவரை வெளியே விடுவதற்கானது என்றது. இவரோ விடுதலை கேட்கவில்லை, நாட்டில் தங்குவதற்கு இன்னொரு வாய்ப்புக் கேட்கிறார். இலங்கைக்குப் போகும் விமானத்துக்குள் அவரை விடுவிக்க அரசு மகிழ்ச்சியோடு தயாராக இருக்கிறது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. நீதிபதி சோனியா சோட்டோமேயர், எலினா கேகனுடன் சேர்ந்து மாறுபட்டார். அதிகாரி சட்டத்தை மீறியிருந்தாலும் கேட்க நீதிபதி இல்லை என்ற நிலைக்கு நீதிமன்றம் நாட்டைக் கொண்டுபோகிறது என்று எச்சரித்தார்.

நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லும் இன்றைய முற்போக்கு அறிஞர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரும்பான்மைக்கு எதிராகத் தீர்ப்பளிக்க நீதிபதிகளுக்கு என்ன தகுதி என்று 1962இலேயே அலெக்சாண்டர் பிக்கல் கேட்டுவிட்டார். ஜெரெமி வால்ட்ரன் 2006இல் அக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். 2021இல் அதிபர் பைடன் அமைத்த உச்ச நீதிமன்ற ஆணையத்தின் முன் நிக்கோலஸ் போவி, காங்கிரஸின் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் சிறுபான்மையினரைக் காத்ததைவிட அவர்களுக்கு எதிராகவே அதிகம் பயன்பட்டிருக்கிறது என்று வாதிட்டார். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்ற 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் தீர்ப்பு, 1883இல் சிவில் உரிமைச் சட்டத்தை முடக்கிய தீர்ப்பு, 2013இல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியை வெட்டிய தீர்ப்பு ஆகியவை அந்த வாதத்துக்கு வலு சேர்க்கின்றன. ரயன் டோர்ஃப்ளரும் சாமுவேல் மொயினும் ஒரு படி மேலே போனார்கள். நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, வரம்பைக் குறைத்து அவர்களுடைய அதிகாரத்தையே சுருக்குவது மக்களாட்சிக்கு நல்லது என்றார்கள்.

இதைக் கேட்கும்போது இரண்டு வகை வழக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய ஒரு பொதுச் சட்டத்தை நீதிபதிகள் ரத்து செய்யலாமா என்பது ஒரு கேள்வி. அதில் போவிக்கும் மொயினுக்கும் பதில் சொல்வது எளிதல்ல. அடைபட்டிருக்கும் ஒரு மனிதரிடம் அதிகாரி அதே சட்டத்தின்படி நடந்துகொண்டாரா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்கும் நீதிபதி, காங்கிரஸ் எழுதிய சட்டத்தைக் காங்கிரஸின் சார்பிலேயே காக்கிறார். அந்தக் கதவைச் சாத்துவதால் மக்களாட்சிக்கு எந்த லாபமும் இல்லை. கேள்வி கேட்பார் இல்லாத அதிகாரிக்குத்தான் லாபம். சட்ட அறிஞர் ஜான் ஹார்ட் ஈலி 1980இல் தந்த அளவுகோல் இங்கே உதவுகிறது: வாக்களித்து, கூட்டம் சேர்த்து, பேரம் பேசித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கே நீதிமன்றம் அதிகம் தேவை. 1932இன் தொழிலாளருக்கு வாக்கு இருந்தது, சங்கம் இருந்தது, காங்கிரஸில் நாரிஸும் லகார்டியாவும் இருந்தார்கள். எல்லையில் 25 கெஜத்துக்குள் பிடிபட்டவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதைக் காங்கிரஸ் வகுக்கட்டும். காவலில் இருப்பவருக்கு ஒரு கதவுகூட இல்லாமல் செய்யும் அதிகாரம் அதற்கு இருக்கக் கூடாது.

1868இல் அவசரமாகப் பறித்த அந்த மேல்முறையீட்டு அதிகாரத்தைக் காங்கிரஸ் 1885இல் தானே உச்ச நீதிமன்றத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு 17 ஆண்டுகள் ஆயின. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்பும் தேவையில்லை. அதிகாரி சட்டப்படி விசாரித்தாரா என்ற அந்தக் கேள்வியை ஒரு சாதாரண மசோதாவால் சேர்த்துவிடலாம்.